தட்டி விடுடா, கவின்!

அன்று மாலை மழை வரும் போலிருந்தது. வரவில்லை. திடலின் நீல விரிப்பில் பாய்ச்சியிருந்த தண்ணீர் மட்டும் விளக்கு வெளிச்சத்தில் பளபளத்துக்கொண்டிருந்தது. ஹாக்கி அரையிறுதி ஆட்டம் முடியக் கொஞ்ச நேரமே இருந்தது. எங்கள் பினாங்குப் பிள்ளைகள் ஒரு கோல் முன்னால் இருந்தார்கள்.

அப்போதுதான் பந்து என் மகன் கவினிடம் வந்தது.

வந்த இடம்தான் சரியில்லை. எங்கள் கோலுக்கு இடது பக்கம், கடைசிக் கோட்டை ஒட்டிய மூலை. முதுகுக்குப் பின்னால் கோடு. முன்னால் எதிரணியின் உயரமான பையன் ஒருவன் மட்டையைத் தரையில் படுக்க வைத்து வழியை அடைத்துக்கொண்டு நின்றான். இன்னொருவன் நடுத்திடலிலிருந்து பாய்ந்து வந்துகொண்டிருந்தான்.

என் வலது கால் தானாகச் சிமெண்டுப் படியை அழுத்தியது. பழக்கதோஷம். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கற்றுக்கொள்கிறவர் வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுவார். இடது பக்கம் உட்கார்ந்திருக்கும் என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். எத்தனையோ பேரின் உயிரை அந்தக் கால்தான் காப்பாற்றியிருக்கிறது. திடலில் மட்டும் அது செல்லாது.

"தட்டி விடுடா, கவின்," என்று வாய்க்குள் சொன்னேன்.

எனக்கு இரண்டு வரிசை கீழே, தூணோரமாக, ரஹிமா தனியாக உட்கார்ந்திருந்தாள். எங்கள் அணியின் கோல் காவலன் இர்பான் அவளுடைய மகன். அவளும் நானும் பேசிச் சில வாரங்கள் ஆகியிருந்தன.

ஓட்டுநர் சோதனையில் அழுதவர்களைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். "நீங்கள் எப்போதாவது அழுதிருக்கிறீர்களா, அம்மா?" என்று சுங்கை பட்டாணியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். அழுதிருக்கிறேன். அந்த மாலையில்தான். ஆனால் அதைச் சொல்வதற்கு முன் எங்கள் வீட்டு நடைபாதையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

செருப்புகளுக்கு மேலே

டத்தோ கிராமாட்டில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இருக்கிறோம். வாசலைத் தாண்டினால் நீளமான பொது நடைபாதை. அதை நடைபாதை என்று சொல்வதே பெரிய மனசு. ஒவ்வொரு வீட்டுக்கு முன்னாலும் செருப்புகள், வாளிகள், பூந்தொட்டிகள், யாரும் ஓட்டாத சைக்கிள்கள். மழைக்காலத்தில் துணி காயப்போடும் கம்பிகளும் சேர்ந்துகொள்ளும்.

கவின் ஹாக்கி கற்றது அங்கேதான்.

என் கணவர் ராஜா தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். அந்தத் தொழிற்சாலை அணியில் முன்வரிசையில் ஆடியவர். முட்டி வலி வந்து நிறுத்தியபோது தன் பழைய மட்டையை மகனிடம் கொடுத்தார். மட்டை அவன் தோள் வரை இருந்தது. அதை இழுத்துக்கொண்டு நடைபாதையில் ஓடுவான். செருப்பு குறுக்கே வந்தால் பந்தை மட்டையால் மெல்லத் தூக்கி, காற்றிலேயே ஒரு தட்டுத் தட்டி, அந்தப் பக்கம் இறக்கிவிடுவான். வாளி வந்தாலும் அப்படித்தான். பூந்தொட்டி வந்தால் மட்டும் சுற்றிப் போவான். ஒரு தொட்டி உடைந்து வாங்கிக் கட்டிக்கொண்டதால்.

பந்து தரையில் விழும் சத்தம் கேட்டால் கீழ்வீட்டுச் சீன ஆன்ட்டி துடைப்பக்கட்டையால் கூரையை இடிப்பார். நாங்கள் லிஃப்டில் பார்த்தால் தலைகுனிந்து சிரித்துக்கொள்வோம்.

வளர்ந்து மாநில இளையோர் அணிக்குள் நுழைந்தபோது பயிற்றுநர் அவனைத் தற்காப்பில் போட்டார். உயரமாக இருக்கிறான், பந்துக்குப் பயப்பட மாட்டான் என்பது காரணம். ராஜாவுக்கு வருத்தம்.

"இவ்வளோ வித்த கையில இருக்கு. கொண்டுபோய்ப் பின்னால நிக்க வச்சிட்டாங்களே," என்றார்.

எனக்கு ஹாக்கி தெரியாது. ஆனால் ஒன்று மட்டும் சீக்கிரமே புரிந்தது. முன்வரிசைக்காரன் வித்தை காட்டிப் பந்தை இழந்தால் 'சே' என்று சொல்லிவிட்டு எல்லாரும் மறந்துவிடுவார்கள். தற்காப்புக்காரன் இழந்தால் அடுத்த மூச்சில் கோல் விழும்.

கவினுக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. எங்கள் கோலுக்கு முன்னாலேயே ஒருவனை இந்தப் பக்கம் ஏமாற்றுவான், அடுத்தவனின் மட்டைக்கு மேல் பந்தைத் தூக்கிக்கொண்டு போவான். கூட்டம் கைதட்டும். ராஜா எழுந்து நின்று போனில் படம் பிடிப்பார். அன்றைக்கே அது ஊருக்கெல்லாம் போய்விடும்.

"ஏங்க, அவன் பந்து வந்தவொடனே பக்கத்துல உள்ளவனுக்குக் குடுத்தா என்னாவாம்?"

"குடுக்குறது எல்லாருந்தான் குடுப்பான், சாந்தி. இப்படித் தாண்டுறதுக்கு யாரு இருக்கா? ஒனக்கு ரசிக்கத் தெரியல லா."

உண்மைதான். எனக்கு ரசிக்க முடிந்ததில்லை. பந்து அவனை விட்டுப் போன பிறகுதான் எனக்கு மூச்சே வரும்.

மேட்டில் நின்ற ரஹிமா

ரஹிமாவை எனக்குத் தெரிந்தது ஹாக்கியால் இல்லை. அவள் என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவள் கணவருக்கு நாசி கண்டார் சோற்றுக்கடை. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு, தானும் லைசென்ஸ் எடுத்தே தீருவது என்று வந்து சேர்ந்தாள். மற்றதெல்லாம் நன்றாகச் செய்வாள். சோதனையில் மேடு ஏறி நிற்கிற கட்டம் ஒன்று உண்டே, அங்கேதான் சிக்கல். மஞ்சள் கோட்டில் கச்சிதமாகக் கொண்டுபோய் நிறுத்துவாள். அதற்குப் பிறகு கைப்பிரேக்கை விடவே மாட்டாள்.

"விடு ரஹிமா, நான் இருக்கேன்ல?"

"அக்கா, நான் எறங்கி இந்தக் காடிய தள்ளிக்கிட்டே போயிரவா?"

இரண்டு பேரும் அந்த மேட்டிலேயே உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருக்கிறோம். பின்னால் நின்ற காடிக்காரர் ஹாரன் அடிக்கக்கூட மறந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் பேச்சோடு பேச்சாக, "எம்புள்ள ஒருத்தன் ஒடம்பெல்லாம் மெத்தையக் கட்டிக்கிட்டு கோல்ல நிக்கிறான்க்கா," என்றாள். விசாரித்தால் அது இர்பான். கவினுடைய அணி. கவினுக்குப் பின்னால் நிற்பவன்.

அதற்குப் பிறகு ஆட்டத்துக்குச் சேர்ந்தே போனோம். லைசென்ஸ் கிடைத்தும் ரஹிமா வீட்டையும் கடையையும் தாண்டி ஓட்டியதில்லை. ஹைவே என்றாலே நடுக்கம். அதனால் பிள்ளைகள் இருவரையும் பயிற்சிக்கு நான்தான் கொண்டுபோய் விட்டு, கூட்டிக்கொண்டு வருவேன். ஆட்ட நாட்களில் அவள் கடையிலிருந்து சோறும் மீன்குழம்பும் பொட்டலம் கட்டிக் கொண்டுவருவாள். வாழை இலையில் சூடு பட்ட வாசம் எங்கள் வரிசை முழுவதும் பரவும். அவள் ஏதோ ஓதிக்கொண்டிருப்பாள். நான் சிமெண்டுப் படியை மிதித்துக்கொண்டிருப்பேன்.

"தப்பா நெனக்காதீங்கக்கா," என்று ஒருமுறை சொன்னாள். "எதிராளி பந்து வச்சிருந்தாகூட எனக்கு இவ்வளோ பயம் இல்ல. ஒங்க புள்ள வச்சிருந்தாத்தான் ஓதுறதே மறந்துபோவுது."

"எனக்கும்தான் ரஹிமா," என்றேன்.

அந்த வீடியோ

தொடக்கச் சுற்றிலேயே ஓர் ஆட்டம். பந்து எங்கள் பக்கம். கவின் ஒருவனைத் தாண்டினான். அழகாகத்தான் தாண்டினான். எனக்கே தெரிந்தது. அங்கேயே கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. நின்று, இரண்டாவது ஆள் வரட்டும் என்று காத்திருந்தான். அவனையும் தாண்டினான். கூட்டம் ஆர்ப்பரித்தது. மூன்றாவது பையன் பின்னாலிருந்து வந்ததை அவன் பார்க்கவே இல்லை.

பந்து பறிபோனது. இர்பான் தடுக்கக் கோலை விட்டு வெளியே ஓடி வந்தான். வந்தவன் வழுக்கி மல்லாந்து விழுந்தான். இரண்டு கால்களும் மேலே. அந்தக் கனத்த காப்புகளோடு அவனால் உடனே புரள முடியவில்லை. பந்து அவனுக்குப் பக்கத்திலேயே மெதுவாக, மிக மெதுவாக உருண்டு உள்ளே போனது.

தோற்றோம். அது போகட்டும். யாரோ அதைப் படம் பிடித்திருந்தார்கள். மறுநாள் காலை எல்லார் போனிலும் அது இருந்தது, கோமாளி இசையோடு. அதில் கவின் ஓரமாகத்தான் தெரிந்தான். நடுவில் இர்பான், மல்லாக்கப் போட்ட கரப்பான் பூச்சியைப் போல. அப்படித்தான் கீழே எழுதியிருந்தார்கள். கடைக்குச் சாப்பிட வந்தவர்கள்கூட, "தம்பி, கரப்பான் நீதானா?" என்று கேட்டிருக்கிறார்கள். பிள்ளை கடைப்பக்கம் வருவதையே நிறுத்திவிட்டான்.

அடுத்த பயிற்சி நாளில் ரஹிமா காடி நிறுத்துமிடத்தில் எனக்காகக் காத்திருந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

"ஒங்க புள்ள வெளையாட்டு காட்டுறதுக்கு எம்புள்ள தரையில கெடக்கணுமாக்கா?"

பதிலுக்காக அவள் நிற்கவில்லை.

"நாளையிலேர்ந்து இர்பான நானே கூட்டிட்டு வந்துர்றேன். ஒங்களுக்கு எதுக்கு செரமம்?"

சொன்னபடியே செய்தாள். அவளுடைய சின்ன வெள்ளைக் காடி ஒவ்வொரு மாலையும் என் காடிக்கு எதிர்வரிசையில் வந்து நிற்கும். கண்ணாடிகளைப் பார்த்து, பின்னால் திரும்பிப் பார்த்து, நான் சொல்லிக்கொடுத்தபடியே ஒரே மூச்சில் பின்னோக்கி நுழைந்து நேராக நிறுத்துவாள். எனக்குப் பெருமையாகவும் இருக்கும், அதை அவளிடம் சொல்ல முடியவில்லையே என்றும் இருக்கும்.

அமைதியான நடைபாதை

பயிற்றுநர் கவினை ஓர் ஆட்டத்துக்கு வெளியே உட்கார வைத்தார். பிறகு சேர்த்துக்கொண்டார், எச்சரிக்கையோடு.

"இங்க பாரு கவின். பந்து வந்தா குடு. குடுக்க வழியில்லன்னா வெளிய அடி. வேற ஒண்ணும் வேணாம் லா."

அவன் அப்படியே ஆடினான். பந்து வந்த மாத்திரத்தில் பட்டென்று வெளியே. மறுபடி வந்தால் மறுபடியும் வெளியே. முதல் நாள் எனக்கு அப்பாடா என்றிருந்தது. என் காலுக்கு வேலையே இல்லை. இத்தனை நாளாக இதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் வெளியே போன பந்து எதிரணியின் கைக்குப் போய், திரும்பத் திரும்ப எங்கள் கோலுக்கே வந்தது. அணி ஜெயித்தும் தோற்றும் தடுமாறித்தான் முன்னேறியது. கவினின் முகத்தில் ஒன்றுமே இல்லை. ஆட்டம் முடிந்தால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராகக் காடிக்கு வந்துவிடுவான். வழக்கமாக வீடு போய்ச் சேரும் வரை வாய் ஓயாது. இப்போது ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டே வருவான்.

நடைபாதையும் அமைதியாகிவிட்டது. மட்டை கதவுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது. ஒருநாள் லிஃப்டில் கீழ்வீட்டு ஆன்ட்டி என் கையைத் தொட்டு மலாயில் கேட்டார்: "உன் மகனுக்கு உடம்பு சரியில்லையா?"

ராஜா போனை எடுப்பதையே விட்டுவிட்டார். ஓர் இரவு சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு, "நீ கேட்ட மாதிரியே ஆடுறான். இப்ப சந்தோசமா?" என்றார். சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவருக்கே சுருக்கென்றிருக்க வேண்டும். "ஒன்னச் சொல்லல சாந்தி," என்று முணுமுணுத்தார். நான் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன். வேறென்ன செய்ய?

அந்த வாரம்தான் கவின் சொன்னான், காலணியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே.

"மா, இந்தப் போட்டி முடிஞ்சவொடனே நான் ஹாக்கிய விட்டுடுறேன்."

"ஏன்டா?"

"வெளாடுற மாதிரியே இல்லமா. பந்து எங்கிட்ட வராம இருந்தா நல்லாருக்கும்னு தோணுது."

பந்துக்குப் பயப்பட மாட்டான் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளை அவன். அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

சுவரோரப் பேச்சு

இரண்டொரு நாள் கழித்து, பயிற்சி முடியும் நேரம். நான் காடியில் ஜன்னலை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கடல் காற்று உப்பும் வெக்கையுமாக அடித்தது. கவினும் இர்பானும் வந்து என் காடிக்குப் பின்னால் இருந்த குட்டைச் சுவரில் உட்கார்ந்தார்கள். நான் உள்ளே இருப்பதை அவர்கள் கவனித்தார்களா தெரியாது. ஒட்டுக்கேட்பது தப்புதான். ஜன்னலை ஏற்றினால் சத்தம் கேட்குமே என்று சும்மா இருந்துவிட்டேன்.

"டேய், ஏன்டா எல்லாத்தையும் வெளிய அடிக்கிற?" இது இர்பான்.

"கோச் சொன்னாருல்ல?"

"வழியில்லன்னாதான அடிக்கச் சொன்னாரு? நீ வழி இருந்தாலும் அடிக்கிற. நீ வெளிய அடிச்சா அது திரும்பி யாருகிட்ட வருது? என்கிட்டதான லா? இங்க பாரு, கை வீங்கிப் போச்சு."

கவின் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. பிறகு, குரல் உள்ளே போய், "ஒன்ன மறுபடியும் அந்த மாதிரி விழ வைக்க மாட்டேன்டா," என்றான்.

"நீயா என்னத் தள்ளிவிட்ட? நான் வழுக்கி விழுந்தேன்டா. அந்த பூட்ஸ் அடியில பல்லே இல்ல, தேஞ்சிருச்சு. வாப்பாகிட்ட சொல்லிச் சொல்லி இப்பத்தான் புதுசு வாங்கிக் குடுத்தாரு."

"எல்லாரும் ஒன்னத்தான சிரிச்சாங்க?"

"சிரிச்சாங்க. மொத வாரம் கடுப்பாத்தான் இருந்துச்சு. இப்ப அடுத்த வீடியோவுக்குப் போயிட்டாங்க." இர்பான் ஏதோ மென்றுகொண்டே பேசினான். "ஆனா ஒண்ணு. மொத ஆளத் தாண்டுனது சரி. ரெண்டாவது ஆளுக்கு ஏன்டா காத்திருந்த? அப்பவே குடுத்திருந்தா நான் ஏன் வெளிய வரப்போறேன்?"

"தெரியல. கைதட்டுனாங்க."

அப்புறம் இர்பான்தான் தொடங்கினான்.

"சரி, இப்படிச் செய்வோம். நான் பின்னால நிக்கிறேன், எனக்கு எல்லாம் தெரியும். 'விடு'ன்னு கத்துனா ஒடனே குடுத்துரு. 'போ'ன்னு கத்துனா தாண்டு. ஒரு ஆளுதான். தாண்டிட்டுக் குடுத்துரு."

"நீ ஒண்ணும் சொல்லலன்னா?"

"குடுத்துரு."

"மறந்துபோயிட்டன்னா?"

"குடுத்துருடா டேய்!"

கவின் சிரித்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகளுக்குள் ஒன்றுமே இல்லை. நாங்கள் இரண்டு பேர்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிகிறோம்.

அப்போது ரஹிமாவின் வெள்ளைக் காடி வந்தது. போய்ச் சொல்லிவிடலாமா என்று கதவில் கை வைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள், உடனே பக்கவாட்டுக் கண்ணாடியைச் சரிசெய்வதில் மும்முரமானாள். கையை எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிந்திய ஆட்டங்களில் இர்பானின் குரல் எங்கள் வரிசை வரை கேட்டது. பெரும்பாலும் 'விடு'தான். கவின் கொடுத்தான். பக்கத்தில் இருப்பவனுக்கு, நேராக, தரையோடு. யாரும் கைதட்டாத பந்துகள். அபூர்வமாக ஒரு 'போ'. அப்போது மட்டும் அந்தப் பழைய துள்ளல் கொஞ்சம் வரும், வந்த வேகத்தில் அடங்கும். ஒரு சனிக்கிழமை காலை நடைபாதையில் டொக், டொக் என்று சத்தம் கேட்டது. கீழேயிருந்து துடைப்பக்கட்டை இடித்தது. நானும் ராஜாவும் அடுக்களையில் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

அந்த மூலையில்

அரையிறுதிக்கு வருகிறேன். எங்கள் சொந்தத் திடலில், எங்கள் ஆட்களுக்கு முன்னால்.

கவின் மூலையில் மாட்டிக்கொண்டு நின்ற அந்த நேரத்தில், 'தட்டி விடு' என்று நான் சொன்னது எவ்வளவு அசட்டுத்தனம் என்பது ராஜா பக்கத்தில் முனகியதிலிருந்துதான் தெரிந்தது. தட்டிவிட இடமே இல்லை. வேண்டுமென்றே பின்கோட்டுக்கு வெளியே தள்ளினால் நடுவர் பெனால்டி கார்னர் கொடுத்துவிடுவார். அதில் கோல் போடுவதில் அந்த அணி கில்லாடி. கோலுக்குக் குறுக்கே கொடுத்தால் ஓடி வருகிறவன் இடையில் பறித்துவிடுவான். பக்கக்கோட்டுப் பக்கம் அந்த உயரமான பையனின் மட்டை.

கூட்டம் அடங்கிவிட்டது. தெளிப்பானிலிருந்து சொட்டுகிற தண்ணீர்கூடக் கேட்டிருக்கும்.

"போ!"

இர்பானின் குரல். உச்சத்தில் போய் உடைந்த குரல். திடலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டிருக்கும். எனக்குக் கீழே ரஹிமா விருட்டென்று எழுந்து நின்றாள்.

கவினின் மட்டை பந்துக்கு அடியில் போனது. பந்து எழும்பியது. அதிகம் இல்லை, ஒரு செருப்பு உயரம். படுத்துக் கிடந்த அந்த மட்டைக்கு மேலாகத் தாண்டியது. கவின் உடம்பை ஒடித்து அந்தப் பையனைச் சுற்றி வெளியே வந்தான். காற்றில் ஒரு தட்டு. பந்து அவன் காலுக்கு முன்னால் வந்து இறங்கியது.

கூட்டம் கத்தியது. இரண்டாவது பையன் நேராக அவனை நோக்கி வந்தான். வந்தவனுக்கு இடது பக்கம் வழி விரியத் திறந்து கிடந்தது. அதுவும் எனக்குத் தெரிந்தது. அவனையும் தாண்டிவிடலாம். எங்கள் கவினுக்கு அது ஒன்றுமே இல்லை. இப்போது காத்திருக்கப் போகிறான் என்று நினைத்தேன். என் கால் மரத்துப்போய்விட்டது.

"வி—" என்று இர்பான் வாயைத் திறந்தான்.

அவன் அதை முடிப்பதற்குள் பந்து போய்விட்டிருந்தது. நடுத்திடலில் தனியாக நின்ற எங்கள் பையனிடம், நேராக, தரையோடு. அவன் அதை வாங்கி எதிரணிப் பக்கம் கொண்டுபோனான். அதன் பிறகு பந்து எங்கள் பக்கம் வரவே இல்லை. சங்கு ஊதியது.

பந்தைத் தூக்கியதற்கு எல்லாரும் கைதட்டினார்கள். கொடுத்ததற்கு யாரும் தட்டவில்லை. ராஜா இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எடுத்தீங்களா?" என்றேன்.

"என்னாத்த?"

"படம்."

"எங்க எடுக்குறது? எனக்குக் கையே ஓடல."

இறுதி ஆட்டம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். தோற்றார்கள். நன்றாக ஆடித் தோற்றார்கள். எனக்கு அது அவ்வளவாக நினைவில் இல்லை. கவின் ஹாக்கியை விடவில்லை. இப்போதும் ஆடுகிறான், இப்போதும் தற்காப்பில். எனக்கு நினைவில் நிற்பது அரையிறுதியின் சங்கும் அதற்குப் பிறகு நடந்ததும்தான்.

ரஹிமா திரும்பிப் பார்த்தாள். படிகளில் ஏறி வந்தாள். வருகிறபோதே முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, 'போ'ன்னு கத்துனது எம்புள்ளதானே?"

"ஆமா."

"வீட்டுக்கு வரட்டும், அவன நான் ஒரு வழி பண்றேன். எனக்கு உசுரே போயிருச்சு, அக்கா!"

சொல்லிவிட்டுப் பொத்தென்று என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு. எனக்கும் அப்போதுதான் உடைந்தது. வாசகி கேட்ட அழுகை இதுதான். அவள் கை சில்லென்று இருந்தது, என் கை வியர்வையில் நனைந்திருந்தது. சுவரோரம் பிள்ளைகள் பேசியதை அப்போதே அவளிடம் சொன்னேன். தேய்ந்த பூட்ஸ் வரை.

"அந்த பூட்ஸா?" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு மாசமா அவங்க வாப்பாகிட்ட கேட்டுக்கிட்டு இருந்தான். நான் ஒங்கள என்னென்னமோ சொல்லிட்டேனே..."

"விடு, ரஹிமா. பெத்தவளுக்குப் பொறுக்குமா?"

"இன்னொன்னு சொல்லவா? தெனமும் அந்த ஹைவேயில காடி ஓட்டிட்டு வர்றதுக்குள்ள நான் செத்துப் பொழைக்கிறேன். பெரிய லோரி பக்கத்துல வந்தா கண்ணு இருட்டுது. கோவத்துல சொல்லிட்டேன், மாத்திச் சொல்லவும் வாய் வரல. நாளையிலேர்ந்து அவன நீங்களே கூட்டிட்டுப் போங்கக்கா."

"லோரிக்குப் பயந்துக்கிட்டா அவ்வளோ நேரா பார்க் பண்ண?"

"நீங்க பாக்குறீங்கன்னு தெரியுமே!"

ராஜா எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று நாசூக்காக நகர்ந்தார்.

பிள்ளைகள் மேலே வந்தார்கள். இர்பானின் தலைமுடி நனைந்து ஒட்டியிருந்தது. கவினின் முட்டியில் தோல் உரிந்து நீல விரிப்பின் துகள் ஒட்டியிருந்தது. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு இருவரும் நின்றுவிட்டார்கள்.

"என்னமா அழுவுறீங்க? நாங்கதான் ஜெயிச்சோம்," என்றான் கவின்.

"பசிக்குது, மா," என்றான் இர்பான். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவனாக ரஹிமாவிடம் கேட்டான். "ஆமா, நீங்க ஏன் இப்பல்லாம் தூணுகிட்ட தனியா போய் உக்காந்துக்கிறீங்க? அங்கேர்ந்து பாத்தா பாதி திடல் மறைக்குமே."

கவின் என்னைப் பார்த்தான், ரஹிமாவைப் பார்த்தான். இத்தனை வாரத்தில் முதல் முறையாக அவனுக்கு ஏதோ தட்டுப்பட்டது.

"மா... நீங்க ரெண்டு பேரும் சண்டையா?"

"யாரு சொன்னா?" என்றோம் நானும் ரஹிமாவும், ஒரே குரலில்.